“ஒரு வாய்தானே” என்கிறவர்களுக்கு

“ஒரு வாய்தானே, என்ன ஆயிடப் போவுது?”

நாலு வருஷமாக இந்தப் பேச்சோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் யாரும் என் மகளுக்குக் கெடுதல் நினைப்பவர்கள் அல்லர். அவளுடைய அப்பாயி சொல்கிறார். எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். கேக் வெட்டும் வீடுகளில் வந்தவர்கள் அத்தனை பேரும் சொல்கிறார்கள். போன வருஷம் அவளுடைய வகுப்பு டீச்சரும் சொன்னார். பாசத்தில் சொல்வதால் பதில் சொல்ல நா எழுவதில்லை. ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். இந்தப் பேச்சு என் மகளின் குடலைப் புண்ணாக்கியிருக்கிறது.

அவளுக்கு சீலியாக் நோய். யூகேஜி படிக்கும்போது கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இரண்டு வருஷம் வயிறு மட்டும் உப்பி, கைகால் சூம்பி, எடை ஏறாமல் கிடந்தாள். பூச்சி மருந்து கொடுத்தோம். தொக்கம் எடுத்தோம். இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்தது, ரத்தசோகை தீரவில்லை. கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொன்னார். பிறகு எண்டாஸ்கோப்பி, பயாப்ஸி. அன்றைக்குத்தான் எங்களுக்கு அந்தப் பெயரே தெரியும்.

கோதுமையிலும் பார்லியிலும் ரையிலும் க்ளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிகிறதே, அது க்ளூட்டன் செய்யும் வேலை. சீலியாக் உள்ளவர்களின் சிறுகுடலை இது தொட்டதும், கிருமியோடு போராட வேண்டிய எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலோடு போராட ஆரம்பிக்கிறது. சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. அதன்பின் எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. க்ளூட்டனை அறவே நிறுத்தினால் குடல் தானாக ஆறிவிடும். சிகிச்சை முழுவதும் அவ்வளவுதான்.

“அறவே” என்ற சொல்லில்தான் எல்லோரும் என்னோடு முரண்படுகிறார்கள்.

ஏன் முரண்படுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நம்மிடம் இதற்குக் கைவசம் இருக்கும் சொல் பத்தியம். நமக்குத் தெரிந்த பத்தியம் எல்லாமே ஒருநாள் முடிகிறவை. மஞ்சள் காமாலைக்குப் பத்தியம் இருந்தோம், முடிந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டோம், முடிந்தது. நாட்டு மருந்து ஒரு மண்டலம், மறுபத்தியம் கொஞ்ச நாள், அப்புறம் எல்லாம் சாப்பிடலாம். இந்தப் பழக்கத்தில்தான் என் மகளைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்கிறார்கள்: “பத்தியம் எப்ப முடியுது?” கன்னம் உப்பி, முடி அடர்ந்து, ஓடி விளையாடுகிற பிள்ளையைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். குடல் ஆறிவிட்டதே, இனி என்ன?

குடல் ஆறியது உண்மை, ஆனால் நோய் போகவில்லை. கோதுமையை நிறுத்தியதால் ஆறியது; திரும்பக் கொடுத்தால் திரும்பப் புண்ணாகும். இதை நான் என் அறிவால் சொல்லவில்லை. மருத்துவ உலகமே இந்த இடத்தில் ஒருமுறை பெரிதாகத் தவறு செய்து, பிள்ளைகள் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். அந்தக் காலத்தில் சீலியாக் வந்த பிள்ளைகள் பலர் சத்து ஒட்டாமலே இறந்துபோவார்கள். ஹாஸ் அவர்களுக்கு ரொட்டி, தானியம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். 1924இல் இதைக் கட்டுரையாக எழுதினார். பத்துப் பிள்ளைகளில் இந்த உணவு கொடுத்த எட்டுப் பேர் தேறினார்கள், கொடுக்காத இரண்டு பேர் இறந்தார்கள். வாழைப்பழம் பல்லாயிரம் பெற்றோருக்கு நம்பிக்கை ஆயிற்று. பூவனும் ரஸ்தாளியும் தாராய்த் தொங்கும் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அத்தனை பிள்ளைகளைப் பிழைக்கவைத்தவர் அவர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் வாழைப்பழத்தில் ஏதோ குணம் இருக்கிறது, மாவுச்சத்துதான் எதிரி என்று அவர் நம்பினார். பிள்ளைகள் ரொட்டி தின்னாததால் பிழைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதனால், குடல் ஆறியதும் நோய் தீர்ந்தது என்று வழக்கமான சாப்பாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ரொட்டி திரும்பி வந்தது. “குணமான” பிள்ளைகளின் குடல் உள்ளே மறுபடி கெட்டது. பலருக்கு வளர்ந்து பெரியவரான பிறகே நோய் போகவே இல்லை என்று தெரிந்தது. “பத்தியம் முடிஞ்சுது” என்று ஒரு பெரிய மருத்துவரே நம்பியதால் வந்த வினை அது.

சரியான விடையைக் கண்டவர் ஹாலந்தில் இருந்த வில்லெம் டிக்கே. 1930களில் ஒரு தாய் அவரிடம் வந்து, ரொட்டியை நிறுத்தியதும் பிள்ளைக்குத் தேறுகிறது என்று சொன்னதாகவும், அவர் அதைக் காதில் வாங்கி யோசித்ததாகவும் சொல்வார்கள். அம்மாக்கள் சொல்வதை மிகைப்படுத்தல் என்று தள்ளாத ஒருவர் கையில்தான் இந்த நோயின் முடிச்சு அவிழ்ந்தது. பிறகு போர்க்காலம். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பிக் கிடைத்ததும் மறுபடி விழுந்தார்கள். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டில் டிக்கே கோதுமையைக் குற்றவாளி என்று நிலைநாட்டினார். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

“நிரந்தரமா நிறுத்தணும்தான், சரி. ஆனா ஒரு வாய் என்ன செய்யும்?” இது அடுத்த வாதம். அளவோடு கொடுத்தால் எதுவும் ஆகாது என்பது நம் சமையலறையில் ஊறிப்போன நம்பிக்கை. சர்க்கரை நோய்க்கு அது பொருந்தலாம். இங்கே பொருந்தாது.

இத்தாலியில் செய்து 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. க்ளூட்டனை விட்டுக் குடல் ஆறியிருந்த பெரியவர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் க்ளூட்டனை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். குடலுறிஞ்சிகள் தேயத் தொடங்கிவிட்டன. 50 மில்லிகிராம் என்பது எவ்வளவு? கோதுமை மாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு க்ளூட்டன் என்று வைத்துக்கொண்டால், அரை கிராம் மாவு. இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை. டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் சாதாரண பிஸ்கட் ஒன்றில் இதைப்போல் பல மடங்கு இருக்கிறது. க்ளூட்டன் இல்லாதது என்று ஒரு பொட்டலத்தில் அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வரம்பு வைத்திருக்கிறது. “ஒரு வாய்” என்கிறவர்கள் இந்த அளவை ஒருமுறை மனதில் போட்டுப் பார்க்கட்டும்.

“குடுத்துப் பார்த்தோமே, ஒண்ணும் ஆகலையே” என்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலைக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளை தின்ற அரை மணியில் உதடு வீங்கிவிடும்; உலகம் நம்பும். சீலியாக் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. சிலருக்கு அன்றிரவே வயிற்றுப்போக்கு வரும். சிலருக்கு வெளியே எதுவும் தெரியாது; உள்ளே வேலை நடக்கும். ரத்தசோகையாக, வளராத உயரமாக, வாய்ப்புண்ணாக, பலவீனமான எலும்பாக மாதங்கள் கழித்து வெளிவரும். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

போன வருஷம் அந்தத் தீர்ப்பைத்தான் எனக்குச் சொன்னார்கள். வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள். வீட்டுக்கு அழைத்துப்போக வாசலில் நின்றபோது டீச்சர் தானாகவே வந்து, “பாவம் மேடம், எல்லாப் பிள்ளையும் சாப்புடுது, இவ மட்டும் பார்த்துட்டு நின்னா. சின்ன பீஸ்தான் குடுத்தேன். பாருங்க, நல்லாத்தான் விளையாடுறா” என்றார். மனசாரச் சொன்னார். மருத்துவச் சான்றிதழின் நகல் அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் ஒரு வருஷமாக இருந்தது. வகுப்புக்கு அது வந்து சேரவில்லை.

அரையாண்டு ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருளின் அளவு மறுபடி ஏறியிருந்தது. ஒரு துண்டு கேக்கால் அவ்வளவு ஏறாது என்று மருத்துவர் சொன்னார். அன்றிரவு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திட்டாமல் கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள். பக்கத்து பெஞ்சுப் பையன் கொடுத்த அரை பிஸ்கட். இன்னொருத்தியின் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் நூடுல்ஸ். ஸ்போர்ட்ஸ் டே அன்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்த மால்ட் பானம். அதில் பார்லி இருக்கிறது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? இன்னும் ரெண்டு பிறந்தநாள். ஒரு கை விரல்கள் தீர்ந்து அடுத்த கைக்குப் போனாள். கடைசியில், “டீச்சர் குடுத்தா சாப்புடலாம்னு நெனச்சேன்மா” என்றாள்.

தனித்தனியாக எல்லோரும் ஒரு வாய்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு அது ஒன்று. வாங்கியவளுக்கு அது ஏழு. இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

“ஏங்கிப் போயிடும் பிள்ளை” என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏங்குகிறாள். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஏக்கத்துக்குக் கோதுமையைக் கொடுப்பது எப்படி மருந்தாகும்? அவள் ஏங்குவது மைதாவுக்கு இல்லை. எல்லோர் கையிலும் ஒன்று இருக்கும்போது தன் கை வெறுமையாக இருப்பதுதான் அவளுக்கு வலி. முதல்நாளே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கையிலும் ஒன்று இருக்கும்படி நான் கொடுத்தனுப்புவேன். எவ்வளவு எளிய வேலை! அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கடைசி நிமிஷத்தில் பாவம் பார்ப்பதை இரக்கம் என்று என்னால் ஏற்க முடியாது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு பள்ளி எடுத்த முடிவு இன்னும் மோசம். இன்டர்வெல்லில் அவளை மட்டும் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பாதுகாப்புக்காம். இதையும் மறுக்கிறேன். சீலியாக் தொற்றாது. பக்கத்துப் பிள்ளை சப்பாத்தி தின்றால் அந்த வாசனை இவளை ஒன்றும் செய்யாது. வயிற்றுக்குள் போனால் மட்டுமே கெடுதல். சாப்பிடும் முன் கையைக் கழுவ வேண்டும், டப்பாவைப் பங்கு போடக் கூடாது. தேவை அவ்வளவுதான். தனிப்பந்தி என்ற சொல் நம் ஊரில் எவ்வளவு ஆழமான வடுவை விட்டிருக்கிறது என்று தெரிந்த பெரியவர்கள், எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனி பெஞ்சு போடுமுன் யோசித்திருக்க வேண்டும். மூன்று நாள் நடையாய் நடந்து அந்த பெஞ்சை எடுக்கவைத்தேன்.

“இது வடநாட்டு வியாதியாச்சே, அரிசி திங்கிற நமக்கு ஏன்?” என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். பாதி உண்மை. 2016இல் வெளியான ஒரு பெரிய இந்திய ஆய்வில் வடக்கே நூறு பேரில் ஒருவருக்கு மேல் இந்த நோய் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இந்த நோய் வர வேண்டுமானால் இருக்க வேண்டிய மரபணுக்கள் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கோதுமையில்தான். நாள் ஒன்றுக்கு வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். அரிசிதான் நம்மைக் காத்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த 25 கிராமிலேயே நாம் நிற்கிறோமா? ராத்திரி சப்பாத்தி, காலையில் பிரெட், இன்டர்வெல்லுக்கு பிஸ்கட், சாயங்காலம் நூடுல்ஸ் என்று வளரும் நகரத்துப் பிள்ளை அரிசி தின்கிற பிள்ளை ஆகாது. வடநாட்டு வியாதி என்று நினைத்ததால்தான் என் மகளுக்கும் இரண்டு வருஷம் யாரும் அந்த ரத்தப் பரிசோதனையை எழுதித் தரவில்லை.

பள்ளியே போடும் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் வயிற்றை நிறைத்த திட்டம். அதைக் குறை சொல்பவள் அல்ல நான். அதன் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை உண்டு. பொங்கலும் அரிசி உப்புமாவும் உண்டு. சீலியாக் உள்ள ஓர் ஏழைப் பிள்ளைக்கு ரவை நாளிலும் அரிசி உப்புமா கிடைக்க வழி செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். எனக்காவது டப்பா கட்டிக் கொடுக்க முடிகிறது.

டப்பா என்றதும் அடுத்த பேச்சு வந்துவிடும்: “அப்ப அது என்னதான் திங்கும்?” கோதுமையை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாதது போன்ற கவலை. ரொட்டி தின்கிற நாட்டில் பிறந்திருந்தால் இந்தக் கவலையில் நியாயம் உண்டு. நமக்கு ஏது? திங்கட்கிழமை அவள் டப்பாவில் எள்ளுருண்டை. செவ்வாய் வேகவைத்த சர்க்கரைவள்ளி. மார்கழி, தை ஆனால் பனங்கிழங்கு. மினி இட்லியில் பொடி பிரட்டி வைத்தால் வகுப்பே வந்து நிற்கும். வெல்ல அவல், கடலை மிட்டாய், பொரி உருண்டை, கொழுக்கட்டை, வீட்டில் அரிசி மாவில் சுட்ட முறுக்கு, ஒரு பூவன் பழம். க்ளூட்டன் இல்லாத பிஸ்கட் என்று நகரத்துக் கடைகளில் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ரயில் பயணத்துக்கு மட்டும்.

ஆனால் நம் சாப்பாட்டிலும் கோதுமை ஒளிந்திருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது சுண்டலில். நவராத்திரிக்கு அப்பாயி செய்த கொண்டைக்கடலைச் சுண்டல். தேங்காய், மாங்காய், கறிவேப்பிலை. இதில் கோதுமைக்கு எங்கே இடம் என்று நானே ஒரு கிண்ணம் போட்டுக் கொடுத்தேன். பிறகு தாளிப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெருங்காய டப்பாவை எதற்கோ திருப்பினேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் சேர்மானம்: பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. அப்பாயியிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை பார்த்தார். “ஐம்பது வருஷமா போடுறேன், இதுல மாவு இருக்குன்னு எவனும் சொல்லலையே” என்றவர், மறுநாள் கடைக்குப் போய் அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகக் கேட்டு வாங்கி வந்தார். இப்போது எந்தப் பொட்டலம் வந்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பவர் அவர்தான். கடைப் பலகாரத்தை அவளுக்குக் கொடுப்பதை அவரே நிறுத்திவிட்டார். சமோசா பொரித்த எண்ணெயில்தானே பஜ்ஜியும் போடுகிறார்கள்.

இன்னொரு தரப்பிடமும் எனக்குச் சண்டை உண்டு. கோதுமையே எல்லோருக்கும் விஷம், நிறுத்தினால் சகல வியாதியும் போய்விடும் என்று வீடியோ போடுகிறவர்கள். இவர்களால் எங்களுக்குத்தான் கெட்டபெயர். என் மகளின் சான்றிதழை நீட்டினால், “இதெல்லாம் இப்ப ஃபேஷனாயிடுச்சு” என்கிறார்கள். நோய் இல்லாத பிள்ளை கோதுமையை விட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. சந்தேகம் இருக்கும் பெற்றோர் தாங்களாகவே கோதுமையை நிறுத்தவும் கூடாது. நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் எதிர்ப்பொருள் இறங்கி, குடலும் ஆறத் தொடங்கி, இருக்கிற நோய் இல்லை என்று வந்துவிடும். முதலில் பரிசோதனை, பிறகு நிறுத்தம். இந்த வரிசை மாறவே கூடாது.

என் மகள் இப்போது யார் எதை நீட்டினாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் “இது எனக்கு ஆகுமாம்மா?” என்று கேட்கிறாள். எட்டு வயதில் இவ்வளவு கட்டுப்பாட்டை அவளே சுமக்கிறாள். மற்றதைப் பெரியவர்கள்தான் சுமக்க வேண்டும்.

அடுத்து உங்கள் பிள்ளைக்குப் பிறந்தநாள் வரும்போது வகுப்பு டீச்சருக்கு முதல்நாள் ஒரு போன் போடுங்கள். “வகுப்புல எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது ஆகாதா டீச்சர்?” என்று மட்டும் கேளுங்கள். கோதுமை ஆகாத பிள்ளை இருக்கலாம், கடலை ஆகாத பிள்ளை இருக்கலாம், பால் ஆகாத பிள்ளை இருக்கலாம். இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியதை நாங்களே செய்து கொடுத்தனுப்புகிறோம். மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே நேரத்தில் அதை எடுத்து அவள் கையிலும் கொடுக்கச் சொல்லுங்கள்.